என் மாமனார் வெளிக்கு நடந்தது

என் மாமனார் சோற்றைக் குறைத்தது பசியில்லாமல் அல்ல. தின்றால் வெளிக்குப் போக வேண்டும். வெளிக்குப் போக ஏரிக்கரை வரை நடக்க வேண்டும். நடக்கக் கால் இல்லை. அதனால் தின்னவில்லை. விஷயம் இவ்வளவுதான். இது எனக்குப் பிடிபடவே வெகுநாள் ஆயிற்று. தெருவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, அல்லது பிடிபடாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

ஜலகண்டாபுரத்தில் ஒரு நெசவுத் தெருவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பின்பக்கம் ஒரு கவுண்டர் காடு, முள்வேலி போட்டது. எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் இருட்டோடு கிழக்கே கள்ளிக்காட்டுக்குப் போவோம். ஆண்கள் மேற்கே, ஏரிக்கரைக்குக் கீழே இருந்த கருவேலங்காட்டுக்குப் போவார்கள். ஒரு பெண் மேற்கே தலையைத் திருப்பினாலே பேச்சு கிளம்பும். அப்படி ஒரு கட்டு.

இன்னொரு கட்டும் உண்டு. மருமகள் மாமனாரைத் தொடக்கூடாது, நேரே பார்த்துப் பேசக்கூடாது. மாமியார் உயிரோடு இருந்தால் அவள் மூலம் சொல்லலாம். எனக்கு வாய்த்த மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டாள். ஆகவே சொல்ல வேண்டியதை வீட்டிலிருந்த சேவலிடம் சொல்வேன்.

"ஏ சேவலு, களி ஆறிப்போவுது."

அவர் தறிக்குள் இருந்தபடி தறியிடம் பதில் சொல்வார்.

"இந்தப் பாவு முடியட்டும். முடிஞ்சாத் திங்கலாம்."

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மனிதர் சாகப்போகிறார் என்று சேவலிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் தறி குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். என் மாமனார் பால்பல் விழுந்த வயதில் அந்தக் குழிக்குள் இறங்கியவர். கிழவரான பிறகு என் புருஷன் காலையில் அவரை இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இறக்கி உட்காரவைப்பார், பொழுது சாய்ந்ததும் தூக்கி எடுப்பார். இருட்டோடு மேற்கே கூட்டிப்போய் வருவதும் அவர்தான். நாளெல்லாம் கிழவரின் கால் மிதியில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஏமாந்தோம். கால்தான் ஓடுகிறதே, காலுக்கு என்ன குறை என்று நினைத்தோம். எங்கள் சனத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தறி மிதிக்கிறவனுக்கு நடை எதற்கு? மிதிக்கிற கால் உடம்பைத் தாங்குவதில்லை. உடம்பைத் தாங்குவது பலகை. இது அன்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

யுத்தம் வந்தது. நூல் நின்றது. முதலில் அரைகுறையாக வந்தது, பிறகு கட்டுப்பாடு என்றார்கள், பிறகு ஒன்றுமே இல்லை. தெருவில் தறிச் சத்தம் நின்றுபோனது. சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகள் பகலில் தூங்க மாட்டாமல் அழுதன. என் புருஷன் மேட்டூர்ப் பக்கம் கூலிக்குப் போனார், வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். நான் கவுண்டர் காட்டில் களை வெட்டப் போனேன். வீட்டில் கிழவரும் வெறும் தறியும்.

புருஷன் போன மறுநாள் விடிகாலை கிழவர் தானாக எழுந்து மேற்கே போகப் பார்த்தார். வாசற்படியில் ஒரு கால் வைத்தார். அடுத்த கால் வரவில்லை. அப்படியே விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். தொடக்கூடாதே. எதிர்வீட்டு அக்காவின் புருஷன் வந்து தூக்கும்வரை அவர் மண்ணில் கிடந்தார், நான் கைகட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷம் என் புருஷன் அவரை நடத்திக் கூட்டிப்போகவில்லை, தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று.

அந்த வாரக் கடைசியில் புருஷன் வந்து வழி சொன்னார்.

"மூலைல ஒரு சட்டில சாம்பலப் போட்டு வெச்சிரு. அப்பா அதுல போவட்டும். நீ எடுத்துக் கொட்டிரு."

வைத்தேன். ஒருநாள் போனார். நான் அதை மூடி எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து சட்டியில் சாம்பல் அப்படியே இருந்தது. வைத்த களியும் அப்படியே இருந்தது. சேவல் கொழுத்தது.

"சேவலு, ஆரோ ரண்டு நாளா ஒண்ணும் திங்கலயாம்."

"வயசானா வயிறு சுருங்கும்னு சொல்லு."

"சுருங்கட்டும். சுருங்குன வயித்துக்கு ஒரு வாயி போதுமே, அதுவும் ஏன் எறங்கலன்னு கேளு."

மறுபடி கேட்டதற்குத் தறியின் மரத்தைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"உள்ள போனா வெளிய வரோணுமில்ல."

அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கிழவர்மேல், புருஷன்மேல், ஏரிக்கரையை அவ்வளவு தூரத்தில் கட்டினவன்மேல்.

எங்கள் தெருவில் இரண்டு முனையிலும் கல் நட்டிருக்கும். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாட்டு நூலை, அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்குமாக இடுப்பு உயரத்தில் தெருநீளம் இழுத்துக் கட்டி, நடுநடுவே கவைக்குச்சி கொடுத்து, கஞ்சி தடவிப் பிரஷ் போடுவார்கள். பிரஷ் பிடிக்கிறவர்கள் பாவோடு கூடவே போய்க் கூடவே வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் முறுகிவிடும். கிழவர் ஆயுள் முழுக்க நடந்த நடை அது ஒன்றுதான். நூல் இல்லாததால் இப்போது கல் சும்மா நின்றது.

கவுண்டர் வீட்டில், மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்துத் தேய்ந்த பழைய வடக்கயிறு ஒன்று கிடந்தது. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கு அம்மிணி, தூக்குப் போட்டுக்கவா?" என்றாள்.

"இல்லீங்க, ஒருத்தரு சாகாம இருக்க" என்றேன். கொடுத்தாள்.

அதைப் பாவு மாதிரியே கல்லுக்குக் கல் இழுத்துக் கட்டினேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏன்டி, துணி காயப்போடத் தெரு முழுக்க வேணுமா? அத்தன சேலையா வெச்சிருக்கற?"

"ஒரே ஒரு வேட்டிதானுங்க அக்கா. அதுக்குள்ள ஆளு இருக்குது."

கிழவரை வாசலுக்குக் கொண்டுவர வேண்டுமே. அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லி (சேவலிடம்தான்), அதன் பின்முனையை நான் பிடித்துக்கொண்டேன். துண்டைத்தான் பிடித்தேன், ஆளை அல்ல, கட்டு மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சுவரைத் தடவி வந்து கயிற்றில் கையை வைத்தார். முதல் நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். வேட்டி நனைந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி கவைக்குச்சியைச் சரி செய்தேன்.

ஆனால் மறுநாளும் வந்தார். கயிற்றோடு நடக்கையில் அவர் உதடு அசையும். உற்றுக் கேட்டேன், "கஞ்சி காயுது, கஞ்சி காயுது" என்று தன்னைத்தானே விரட்டிக்கொண்டிருந்தார். வெறும் வடக்கயிறு அவருக்குப் பாவாகிவிட்டது. மெல்ல மெல்லக் கயிற்றின் பாதிவரை, பிறகு மேற்குக் கல் வரை போனார். கயிற்றில் அவர் கை பட்ட இடமெல்லாம் மழமழவென்று ஆனது. ஒருநாள் விடிகாலை மேற்குக் கல்லில் கயிற்றை விட்டார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தெரு முடிகிற இடத்தில் இருந்த முதல் கருவேல மரம்வரை தனியாகப் போனார். நான் கல்லிடமே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் தறியைப் பார்த்து, "களி மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார்.

அன்று நான் அழுதேன் என்று எழுதினால் பொய். களி கிண்டினேன். நேரமில்லை.

பிறகு நூல் வந்தது.

வந்தது நல்லதுதான். பட்டினி கிடந்த தெரு அது. என் புருஷன் மேட்டூரிலிருந்து திரும்பி வந்தார், சிரித்துக்கொண்டு வந்தார். முதல் பாவு எதிர்வீட்டு அக்காவுடையது. கயிற்றை அவிழ்த்து என் வாசலில் போட்டார்கள். நான் தெருப் பெரியதனக்காரரிடம் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பல்குச்சி கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, காலைல ஒரு நாழி மட்டும் கயித்தக் கட்டிக்கறமுங்க. பொறவு பாவப் போடுங்க."

"காலைல பாவு போடாம உச்சி வெயில்லயா போடுவாங்க? நூலக் கண்டே எத்தன நாளாச்சு? பாவு எடுத்தப்பறம் கயித்தக் கட்டிக்க, ஆரு வேண்டாங்கறா?"

"அவருக்கு விடியாலதானுங்க வரும். வெயில் ஏறுன பொறவு வான்னா வருமுங்களா?"

"ஆம்பளைங்க வெளிக்குப் போற நேரத்தப் பத்தி ஒரு பொம்பள எங்கிட்ட நாயம் பேசறா. போ அம்மிணி, போ."

அடுத்த நாள் விடிகாலை பாவு நீட்டினார்கள். நான் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் புருஷன் ஒரு பிரஷ் பிடித்தார். கிழவர் எப்போது வெளியே வந்தார் என்று தெரியாது. சுவரைத் தடவி வந்திருக்கிறார். வழக்கம்போல் கையை நீட்டினார். இரண்டு கல்லுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் எப்போதும் இருப்பது இருந்தது. பிடித்தார். உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார்.

பாவு கயிறு அல்ல. ஈர நூல். படபடவென்று அறுந்தது. அவர் நூலோடு நூலாகப் போய் விழுந்தார். தெருவே கத்தியது. எதிர்வீட்டு அக்கா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"பாவி! எத்தன நாள் கழிச்சு வந்த நூலுடி! கயித்தக் கட்டி இந்தக் கெழத்தப் பழக்கி வுட்டவளே!"

குற்றம் என்னுடையது என்று எல்லோரும் சொன்னார்கள். என் புருஷனும் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறுந்த நூலை எடுத்துக் கட்ட எத்தனையோ கைகள் குனிந்தன. விழுந்த ஆளை எடுக்க ஒரு கை குனியவில்லை. நான் பானையைக் கீழே வைத்தேன். அவர் கையைப் பிடித்தேன். முழங்கைக்குக் கீழே, என் இரண்டு கையாலும், தெருவுக்கு நடுவில்.

"எந்திரிங்க மாமா."

அதுதான் நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாவைப் பார்த்தார். "எத்தன எழ போச்சு?" என்று கேட்டார்.

அறுந்த இழைகளை முடிச்சுப் போட உச்சிவரை ஆயிற்று. கஞ்சி காய்ந்து பாவு பாதி வீணானது. என் புருஷன் வீட்டுக்குள் வந்து நடுவீட்டில் நின்று சொன்னார்.

"இனி அப்பா வாசப்படி தாண்டக் கூடாது. பாவு போடறதெல்லாம் ஓஞ்சப்பறம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் சட்டி இருக்குது."

"நீங்க இருட்டோட கூட்டிட்டுப் போங்க."

"இருட்டோட நான் பாவுக்குப் போவோணும். நூல் இருக்கறப்பத்தான பொழைக்க முடியும்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். யாரும் தப்புச் செய்யவில்லை, கிழவர் மட்டும் செத்துக்கொண்டிருந்தார். தறிக்குழியில் மறுபடி இறக்கிவிட்டார்கள், நன்றாகத்தான் நெய்தார். கால் ஓடியது. சட்டியில் சாம்பல் கலையவில்லை. களியைத் தட்டோடு தள்ளிவிட்டார். தண்ணீர்கூடத் தொண்டை நனைய மட்டும். கன்னம் ஒட்டியது. ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிற கையில் எலும்பு மட்டும் போய் வந்தது.

நான் தறிக்கு முன்னால் போய் நேராக உட்கார்ந்தேன்.

"தின்னுங்க மாமா."

"தின்னாப் போவோணும். போறதுக்குக் காலு இல்ல. உன்னைய அள்ள வுட்டு நான் திங்கோணுமா? எம் பொண்டாட்டிகூட அள்ளுனதில்ல. வுடு அம்மிணி. போதும். பாத்தாச்சு எல்லாம்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் சாக முடிவு செய்துவிட்டார், காரணம் ஏரிக்கரை. இதைவிடக் கேவலமான காரணத்துக்கு ஒரு மனிதர் சாக முடியாது. அவர் தட்டில் களியை வைத்து, "இதத் தின்னுங்க. நாளைக்கு உங்களை மேக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"ஆரு கூட்டிட்டுப் போவா?"

"நாந்தான்."

"ஆம்பளைங்க பக்கமா? மானம் போயிரும்."

"மானத்த நான் பாத்துக்கறேன். நீங்க காலப் பாருங்க."

தின்றாரா? தின்னவில்லை. ஓரத்தில் விரலால் தொட்டு நக்கினார். என் பிடிவாதத்தைக் கண்டு பயந்துதான் அதுவும்.

விடிந்தும் விடியாத நேரம். பாவு ஒரு ஓரமாக நின்றது, புருஷன் பிரஷோடு அந்தக் கடைசியில் இருந்தார். நான் கிழவரின் கையை என் தோள்மேல் போட்டுக்கொண்டு மறு ஓரமாக நடத்திப் போனேன். பிரஷ்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேற்குக் கல்லைத் தாண்டினேன். பின்னால் என் புருஷன், "ஏய்! ஏய் புள்ள!" என்று கூப்பிட்டது கேட்டது. பாவை விட்டுவிட்டு வர முடியாதே. நான் திரும்பவில்லை.

கருவேலங்காட்டில் அங்கங்கே தலை தெரிந்தது.

"பொம்பள வருதுடோய்!"

"ஆருடா அது?"

"ஏம்மா, கண்ணு தெரியலயா உனக்கு?"

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க. அதனாலதான் கீழ பாத்துட்டு வாரேன். உக்காருங்க, ஆரும் எந்திரிக்க வேண்டாம்."

செம்பு உருண்டது. முள்ளில் வேட்டி கிழிந்தது. ஒருத்தர் இரண்டு கையாலும் முகத்தை மட்டும் மூடிக்கொண்டு ஓடினார், மூட வேண்டியதை விட்டுவிட்டு. பெரியதனக்காரர் ஒரு புதருக்குப் பின்னால் நின்று, "அக்குருமம்! அக்குருமம்!" என்று கத்தினார். புதரைவிட்டு வெளியே வரவில்லை. வர முடியாத நிலையில் இருந்தார் போலிருக்கிறது.

கிழவரால் தானாகக் குந்த முடியாது. ஒரு மரத்தடியில் பழைய வேட்டியை மரத்தைச் சுற்றி வளைத்து இரண்டு முனையையும் அவர் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்தபடி இறங்கினார். நான் முதுகைக் காட்டி, முந்தானையைத் தலையில் போட்டு நின்றேன். அவர் முனகுவது கேட்டது. அத்தனை நாள் பட்டினி கிடந்த குடல், வலித்திருக்கும். இந்த ஆம்பளைகள் கல்லெடுத்து எறிந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். எறியவில்லை. ஓடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் கையை ஓங்கினார். கிழவர் சுவரோரம் நின்று, "டேய்" என்றார். ஒரே சொல். கை இறங்கியது. அதன் பிறகு புருஷன் என்னோடு வெகுநாள் பேசவில்லை. சேவலோடுகூடப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் பெரியதனக்காரர் வீட்டு முன்னால் ஆண்கள் கூடினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றதாகச் சொன்னார்கள். என்ன பேசினார்களோ, முடிவு மட்டும் எங்கள் வாசலுக்கு வந்தது. இனி முறை போட்டு, ஒரு நாளைக்கு ஒரு ஆண் வந்து விடிகாலையில் கிழவரைத் தாங்கிக் கூட்டிப்போய் வருவான், முறைக்காரனுக்குப் பதில் பிரஷ் பிடிக்க ஆள் விடுவார்கள். நான் மேற்குக் கல்லைத் தாண்டக் கூடாது.

இரக்கத்தால் செய்தார்கள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். பொய். நான் திரும்பவும் வந்துவிடுவேன் என்ற பயத்தால் செய்தார்கள். பயம் போதும். எனக்கு அவர்கள் இரக்கம் வேண்டியதில்லை, அவர் நடந்தால் போதும்.

அவர்களும் சும்மா செய்யவில்லை. "உங்க மருமவ வந்தாத்தான் உங்களுக்கு எறங்குமோ?" என்று கேட்டார்களாம். மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்துப் போனார்கள். அவர் வந்து என்னிடம் நேராகவே முறையிடுவார்.

"இன்னிக்கு வந்தவன் ஓட்டமா ஓடறான். எங்காலு என்ன, மோட்டாரா?"

"நாளைக்குச் சொல்றேன் மாமா. இப்பத் தின்னுங்க."

முறைக்காரன் வராத நாள் உண்டு. நான் வாசலில் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேற்கே பார்த்து நிற்பேன். எங்கிருந்தாவது ஒருத்தன் ஓடி வருவான்.

எதிர்வீட்டு அக்காவின் மாமியாரும் அப்போது சமையல்கட்டு மூலையில் கிடந்தாள். வருஷக்கணக்காகக் கிடந்தாள். அவளுக்கு முறை போட யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் கூடிப் பேசுவதற்குக் கட்டிலும் இல்லை, பெரியதனமும் இல்லை. நான் ஒருநாள் அக்காவிடம், "நாம ரண்டு பேருஞ் சேந்து கெழக்கே கூட்டிட்டுப் போலாமுங்க" என்றேன். "உன்ற வேலையப் பாரு" என்றாள். அந்தக் கிழவி அந்த மூலையிலேயே, புண் வந்து, போனாள். அந்த நாற்றம் தெருவைத் தாண்டி எங்கள் வாசல்வரை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

என் மாமனார் ஐப்பசி மழையில் விஷக்காய்ச்சல் வந்து போனார். காய்ச்சலுக்கு முந்தின நாள்வரை ஒருத்தன் தோளைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தார். திரும்பி வந்து களி தின்றார், போதாமல் இன்னொரு உருண்டை கேட்டார். அந்த உருண்டையைப் போட்டது நான்தான்.